வழித்து வாரிய கரை

மகளின் பிரசவத்துக்காக அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக்குப் போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்த நண்பர், கைப்பேசியில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டிக்கொண்டிருந்தார். ஏரிக்கரையில் வரிசையாக வீடுகள். ஒவ்வொரு வீட்டின் பின்பக்கத்திலிருந்தும் புல்வெளி தண்ணீர்வரை வழித்து வாரிய தலைபோல் இறங்குகிறது. ஒரு சருகு கிடையாது, ஒரு பிளாஸ்டிக் பை கிடையாது. துணி துவைப்பவர் இல்லை, மாடு குளிப்பாட்டுபவர் இல்லை. ஆனால் ஆகஸ்ட் மாதத்துப் படங்களில் ஏரி மட்டும் பச்சைப் பெயின்ட்டைக் கரைத்து ஊற்றியதுபோல் இருந்தது.

“இவ்வளவு சுத்தமா வச்சிருக்காங்க. தண்ணி மட்டும் ஏன் நம்ம ஊர்க் குட்டை மாதிரி இருக்கு?” என்று கேட்டார்.

அதைவிட நல்ல கேள்வி அவருடைய கடைசிப் படத்தில் இருந்தது. அந்த வரிசையில் ஒரே ஒரு வீட்டுக்காரர் கரையைக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தார். இடுப்புயரத்துக்குக் கோரை, அதன் நடுவே ஊதாப்பூச் செடிகள், தண்ணீருக்குள் சாய்ந்து கிடக்கும் ஒரு மரம். “இந்த ஆளு மட்டும் சோம்பேறி போல” என்றார் நண்பர்.

அந்தச் சோம்பேறிக்கு ஏரி கடன்பட்டிருக்கிறது. எப்படி என்று பார்க்க, முதலில் பச்சை நிறத்தின் கணக்கைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

உளுந்து தீர்ந்த வீடு

ஏரியைப் பச்சையாக்குவது வெளியிலிருந்து வந்து விழுகிற அழுக்கு அல்ல. தண்ணீருக்குள்ளேயே வளர்கிற, தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியாத, மிதக்கும் பாசி. மொட்டைமாடித் தொட்டியின் மூடியைத் திறந்து போட்டால் சில வாரங்களில் தண்ணீர் பச்சையாகிறதே, அதே கதைதான். யாரும் விதை தூவுவதில்லை; தூசியோடும் காற்றோடும் பாசி எங்கும் வந்து சேர்ந்துவிடும். ஆகவே அது எப்படி வந்தது என்று கேட்டுப் பயனில்லை. எல்லா ஏரியிலும் இருப்பது சில ஏரிகளில் மட்டும் ஏன் இப்படிப் பெருகுகிறது என்று கேட்க வேண்டும்.

பாசியும் ஒரு பயிர்தான். வெயில் வேண்டும், கரிமம் வேண்டும், நைட்ரஜன் வேண்டும், பாஸ்பரஸ் வேண்டும். ஆனால் எல்லாம் ஒரே அளவில் அல்ல. எடைக் கணக்கில் பார்த்தால் 1 கிராம் பாஸ்பரஸுக்குச் சுமார் 7 கிராம் நைட்ரஜன், 40 கிராம் கரிமம் என்ற விகிதத்தில் அதன் உடம்பு கட்டப்படுகிறது. இட்லிக்கு நாலு படி அரிசிக்கு ஒரு படி உளுந்து என்று போடுகிற வீட்டில் உளுந்து தீர்ந்துவிட்டால், அரிசி மூட்டை மூட்டையாக இருந்தும் அன்றைக்கு இட்லி கிடையாது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு டம்ளர் உளுந்து வந்தால் அந்த ஒரு டம்ளருக்கான இட்லி உண்டு. முதலில் தீர்வது எதுவோ அதுதான் விளைச்சலைத் தீர்மானிக்கிறது. அதைத் ‘தட்டுப்பாட்டுச் சத்து’ என்று அழைப்போம்.

பெரும்பாலான நன்னீர் ஏரிகளில் அந்த உளுந்து, பாஸ்பரஸ். கரிமம் காற்றிலிருந்து கரைந்து வந்துவிடும். நைட்ரஜனைக்கூடச் சில நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலிருந்தே பிடித்துக்கொள்கின்றன. பாஸ்பரஸுக்கு அப்படி வானத்தில் கிடங்கு ஏதும் இல்லை. பாறையிலிருந்தோ மண்ணிலிருந்தோ செத்த உடம்பிலிருந்தோ கழிவிலிருந்தோதான் வரவேண்டும். அதுவும் பெரும்பாலும் மழைத்தண்ணீரின் முதுகில் ஏறித்தான் ஏரிக்கு வருகிறது.

(1669ல் ஹாம்பர்க் நகரத்து ஹென்னிக் பிராண்ட், தங்கம் எடுக்கலாம் என்று நம்பிக் கணக்கில்லாத சிறுநீரைக் காய்ச்சினார். தங்கம் வரவில்லை, இருட்டில் ஒளிரும் ஒரு பொருள் வந்தது. பாஸ்பரஸ் இப்படித்தான் மனிதன் கைக்கு முதலில் கிடைத்தது. கழிவில் அது எப்போதும் உண்டு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நாய் வரும்போது தேவைப்படும்.)

உடுக்கையின் இடுப்பில் ஒரு திரை

இதெல்லாம் இன்று பாடப்புத்தகச் செய்தி. 1960களில் இது பெரிய சண்டை. வட அமெரிக்க ஏரிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகிக்கொண்டிருந்தன. துணி துவைக்கும் தூளில் அப்போது பாஸ்பேட் ஏராளமாக இருந்தது. தூள் தயாரிப்பவர்கள் தரப்போ, குற்றவாளி கரிமம், எங்கள் சரக்கு அல்ல என்று வாதாடியது.

கனடாவின் வடமேற்கு ஒன்டாரியோவில், ஆள் அரவமற்ற காட்டு ஏரிகள் சிலவற்றை 1968ல் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கினார்கள். சோதனைக்குழாயில் செய்வதை முழு ஏரியில் செய்து பார்க்கும் இடம் அது. அங்கே 226 என்ற எண்ணை மட்டுமே பெயராகக் கொண்ட ஓர் ஏரி, உடுக்கை வடிவத்தில் நடுவில் ஒடுங்கி இருந்தது. 1973ல் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் அந்த இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் திரையைக் கட்டி ஏரியை இரண்டாக்கினார்கள். இரண்டு பாதியிலும் கரிமமும் நைட்ரஜனும் போட்டார்கள். ஒரு பாதியில் மட்டும் கூடவே பாஸ்பரஸ்.

மேலே பறந்து எடுத்த ஒரு புகைப்படம் வழக்கை முடித்துவைத்தது. திரைக்கு இந்தப் பக்கம் கருமையான தெளிந்த நீர். அந்தப் பக்கம் பாசி கெட்டித்த பச்சை. ஏரி அறிவியலில் இந்த அளவுக்குத் திரும்பத் திரும்ப அச்சான படம் வேறு இருக்குமா என்பது சந்தேகம். ஒரு நீர்நிலை சத்து மிகுந்து பாசியில் மூழ்குவதை ‘மிகையூட்டம்’ என்று சொல்லலாம். பசியால் அல்ல, விருந்தால் சாகும் ஏரி.

மூட்டையின் நடு எண்

நம் ஊர் விவசாயிக்கு இது உடனே புரியும். டிஏபி மூட்டையில் 18-46-0 என்று போட்டிருக்கும். முதல் எண் நைட்ரஜன், நடு எண் பாஸ்பேட், கடைசி எண் பொட்டாஷ். அமெரிக்கப் புல்வெளி உரப் பையிலும் இதே மூன்று எண்கள்தான். 10-10-10 என்று அச்சடித்த 20 கிலோ பையில், பாஸ்பேட் கணக்கில் 2 கிலோ. அதற்குள் சுத்தப் பாஸ்பரஸ் மட்டும் சுமார் 870 கிராம்.

அது என்ன செய்யும்? ஒரு கிலோ பாஸ்பரஸ் ஏரிக்குள் போனால் ஈர எடையில் 500 கிலோ வரை பாசி விளையலாம் என்று ஏரிக்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரே பையில் 400 கிலோவுக்கு மேற்பட்ட பாசிக்கான உளுந்து.

வேடிக்கை என்னவென்றால், மினசோட்டாவின் பல பகுதிகளில் மண்ணிலேயே பாஸ்பரஸ் போதுமான அளவு இருக்கிறது. வேரூன்றிய புல்லுக்கு மேலும் போட வேண்டிய அவசியமே இல்லை. போட்டார்கள், ஏனென்றால் பையில் இருந்தது. 2002ல் அந்த மாநிலம் ஒரு சட்டம் போட்டது. 2004ல் மினியாபொலிஸ், செயின்ட் பால் சுற்றுவட்டாரத்திலும், 2005 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுதும், புல்வெளிக்குப் போடும் உரத்தில் நடு எண் பூஜ்யமாக இருக்க வேண்டும். புதிதாகப் புல் வளர்ப்பவருக்கு முதல் பருவத்தில் விலக்கு உண்டு. மண் பரிசோதனைச் சீட்டில் பற்றாக்குறை என்று வந்தாலும் உண்டு. தெருவில் சிந்திய உரத்தை உடனே கூட்டி அள்ள வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. எனக்கு அந்த ஷரத்து மிகவும் பிடிக்கும். ஏரிக்கும் தார்ச்சாலைக்கும் இருக்கும் உறவைப் புரிந்துகொண்ட யாரோ எழுதியது.

மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரமும் 2007ல் இதேபோல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அங்குள்ள பல்கலைக்கழகத்தார் ஹியூரான் ஆற்றை அளந்து பார்த்தபோது, அடுத்த ஆண்டே பாஸ்பரஸ் சராசரியாக 28 சதவீதம் இறங்கியிருந்தது. விஸ்கான்சின் 2010ல் சேர்ந்துகொண்டது.

அப்படியானால் உரம் நின்றதும் ஏரிகள் தெளிந்திருக்க வேண்டும் அல்லவா? எல்லாம் தெளியவில்லை. காரணத்தை ஒரு வீட்டை வைத்துப் பார்ப்போம்.

ஒரு வீடு, ஒரு மழை

ஏரிக்கரையில் ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். கரையோரம் 30 மீட்டர் அகலம், உள்ளே 60 மீட்டர் நீளம். மொத்தம் 1,800 சதுர மீட்டர். வீடு, கார் நிறுத்தும் இடம், வண்டிப்பாதை எல்லாம் சேர்த்து 450 சதுர மீட்டர், அதாவது கால் பங்கு. மினசோட்டாவின் கரையோர விதிகளில் தண்ணீர் இறங்காத தளத்துக்கு உச்சவரம்பே மனையில் 25 சதவீதம்தான். நம் வீட்டுக்காரர் சட்டத்தை மதிப்பவர். புல்வெளி 1,000 சதுர மீட்டர். மிச்சம் மரங்கள், பூப்பாத்திகள். உரம் ஒரு கைப்பிடிகூடப் போடுவதில்லை.

ஒரு சாயங்காலம் 25 மில்லிமீட்டர் மழை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர், கணக்கு சுலபம்.

கூரையிலும் தளத்திலும் விழுந்தது 450 × 25 = 11,250 லிட்டர். அது எங்கும் இறங்காது. குழாய் வழியாகவும் பாதை வழியாகவும் ஓடும்.

புல்வெளியில் விழுந்தது 25,000 லிட்டர். பச்சையாக இருப்பதால் அது பஞ்சுபோல் உறிஞ்சிவிடும் என்று நினைப்போம். வீடு கட்டியபோது ஓடிய கனரக வண்டிகளும், அதற்குப்பின் வாராவாரம் ஓடும் புல்வெட்டி எந்திரமும் மண்ணை இறுக்கி வைத்திருக்கின்றன. மேலே இருப்பது பெரும்பாலும் கென்டக்கி நீலப்புல். பெயரில்தான் கென்டக்கி, பூர்வீகம் ஐரோப்பாவும் ஆசியாவும். ஒட்ட வெட்டிய அந்தப் புல்லின் வேர் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே நின்றுவிடும். ஆகவே ஐந்தில் ஒரு பங்கு ஓடிவிடுகிறது என்று வைத்தால் 5,000 லிட்டர்.

ஆக, ஒரு மழைக்கு ஏரியில் இறங்குவது 16,250 லிட்டர். இந்தத் தண்ணீர் வெறும் கையோடு போவதில்லை. வெட்டிய புல் துணுக்கு, இலைத்தூள், மண், பறவை எச்சம் எல்லாவற்றையும் அலசிக்கொண்டு போகிறது. குடியிருப்புகளிலிருந்து ஓடிவரும் மழைநீரில் லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் அளவில் பாஸ்பரஸ் இருப்பது சாதாரணம். பெருக்கினால் ஏறக்குறைய 5 கிராம். ஒரு தேக்கரண்டி சர்க்கரையின் எடை.

இப்படி ஆண்டுக்கு 20 மழை என்றால் 100 கிராம். அதற்கு 50 கிலோ பாசி.

“நூறு கிராம்தானே” என்று வீட்டுக்காரர் சொல்லலாம். சொல்லவும் செய்வார். ஒரு விதத்தில் அவர் சொல்வது சரிதான். அவருடைய 100 கிராமை ஏரி தாங்கிக்கொள்ளும்.

தட்டு மறையும் ஆழம்

ஏரியின் தெளிவை அளக்க, விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். சாப்பாட்டுத் தட்டளவு, 20 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு வட்டைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் இறக்க வேண்டும். கண்ணுக்கு மறைகிற ஆழத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். 1865ல் ஆஞ்செலோ செக்கி என்ற வானியலாளர், அவர் ஒரு பாதிரியாரும்கூட, போப்பின் கப்பலிலிருந்து மத்தியதரைக் கடலில் இறக்கிப் பார்த்த முறை இது. மினசோட்டாவில் ஏரியோரத்து மக்கள் 1970களிலிருந்து தாங்களே படகில் போய் இப்படி அளந்து குறித்து அனுப்பிவருகிறார்கள்.

இந்த ஆழத்துக்கும் பாஸ்பரஸுக்கும் ஒரு தலைகீழ் உறவு உண்டு. லிட்டருக்கு 12 மைக்ரோகிராம் பாஸ்பரஸ் உள்ள ஏரியில் தட்டு ஏறக்குறைய 4 மீட்டர் வரை தெரியும். 24 ஆனால் 2 மீட்டர். 48 ஆனால் 1 மீட்டர். பாஸ்பரஸ் இரட்டித்தால் பார்வை பாதி. ஒரு மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பதை இங்கே நிதானித்துப் பார்க்க வேண்டும். குளத்தின் தலைவிதி இவ்வளவு நுணுக்கமான எண்களில் இருக்கிறது.

இப்போது நம் வீட்டைப்போல் 100 வீடுகளை ஒரு சிறிய ஏரியைச் சுற்றி வைப்போம். 40 ஹெக்டேர் பரப்பு, சராசரி ஆழம் 4 மீட்டர். தண்ணீர் 160 கோடி லிட்டர். வீடுகள் வருவதற்கு முன் அதில் லிட்டருக்கு 12 மைக்ரோகிராம்; தட்டு 4 மீட்டருக்குத் தெரிந்தது. 100 வீடுகள் ஆண்டுக்கு அனுப்புவது 10 கிலோ. 160 கோடி லிட்டரில் அதைக் கலந்தால் லிட்டருக்கு 6 மைக்ரோகிராமுக்குச் சற்று அதிகம். பன்னிரண்டு, பதினெட்டாகிறது. தட்டு 2.7 மீட்டருக்குள் மறைந்துவிடுகிறது.

இது தோராயம்தான். உண்மையான ஏரியில் ஒரு பகுதி அடியில் படியும், ஒரு பகுதி மதகு வழியே வெளியேறும். ஆனால் கணக்கு காட்டும் திசை மாறாது: யாரும் குற்றம் செய்யாமல், யாரும் உரம் போடாமல், வழித்து வாரிய நூறு மனைகள் ஒரு ஏரியின் பார்வையில் மூன்றில் ஒரு பங்கைப் பறித்துக்கொண்டன. (பறிபோனது பார்வை மட்டுமல்ல. பெமிட்ஜி பல்கலைக்கழகத்தார் 2003ல் வடக்கு மினசோட்டா ஏரிக்கரை மனைகளின் விற்பனை விலைகளை ஆராய்ந்தபோது, தண்ணீர் தெளிவாக இருக்கும் ஏரிகளில் மனைக்கு அதிக விலை கிடைப்பதைக் கண்டார்கள். புல்வெளியை அழகாக வெட்டுவது வீட்டின் மதிப்பைக் கூட்டுவதற்குத்தான் என்பார்கள்.)

கரைவேலி

சோம்பேறியின் மனைக்குப் போவோம். அளவு, வீடு, மழை எல்லாம் அதே. ஒரே வித்தியாசம்: கரையை ஒட்டி 10 மீட்டர் அகலத்துக்குப் புல்வெட்டி எந்திரம் போவதில்லை. 30 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 300 சதுர மீட்டர். அங்கே கோரை, நீல ஐரிஸ், மொனார்க் பட்டாம்பூச்சிகள் முட்டையிடும் சதுப்புநிலப் பால்செடி, புதர்கள், ஓரிரண்டு மரங்கள். இந்தப் பட்டைக்கு ‘கரைவேலி’ என்று பெயர் வைப்போம். நம் ஊர் உயிர்வேலியின் தங்கை. ஆடுமாட்டைத் தடுக்க அல்ல, தண்ணீரை நிற்கவைத்து விசாரிக்க.

கணக்கு: புல்வெளி இப்போது 700 சதுர மீட்டர், அதிலிருந்து ஓடிவருவது 3,500 லிட்டர். கூரை, தளத்திலிருந்து 11,250. வேலியின் மேலேயே விழுந்த மழை 7,500. மொத்தம் 22,250 லிட்டர் அந்தப் பட்டையில் சேர்கிறது. ஆழ வேரோடிய, மண்புழு துளைத்த, மிதிபடாத நல்ல மண் மணிக்கு 25 மில்லிமீட்டர் தண்ணீரைக் குடிக்கும் என்று வைப்போம். 300 சதுர மீட்டருக்கு மணிக்கு 7,500 லிட்டர். மூன்று மணி நேரத்தில் 22,500.

மழை மூன்று மணி நேரம் நிதானமாகப் பெய்தால், ஏரிக்குள் மேல்வழியாக ஒரு சொட்டும் இறங்குவதில்லை. இறங்குவது எல்லாம் மண்ணுக்குள் வடிகட்டிய பிறகு, நாட்கள் கழித்து, ஊற்றாக. களிமண்ணில் இந்தக் கணக்கு இவ்வளவு தாராளமாக வராது. மணலில் இதைவிட நன்றாக வரும்.

ஆனால் கூரைத் தண்ணீரை ஒரு குழாயில் பிடித்து வேலியின் ஊடாக நேரே ஏரியில் விட்டுவிட்டால், பத்து மீட்டர் என்ன, ஐம்பது மீட்டர் கோரை வளர்த்தும் பயனில்லை. வாசலில் காவலாளி, கொல்லைக்கதவு திறந்து கிடக்கிற கதை. தண்ணீர் பரவி வரவேண்டும். வாய்க்கால் பிடித்து வரக்கூடாது. கரைவேலி போட்டும் பலன் இல்லை என்று புலம்புகிறவர்கள் வீட்டில் நான் முதலில் தேடச் சொல்வது அந்தக் குழாயைத்தான்.

இன்னொன்று, குளிர்நாட்டுக்கே உரியது. மார்ச், ஏப்ரலில் பனி உருகும்போது மண் இன்னும் உறைந்திருக்கும். குடிக்க வாய் திறக்காத மண்ணில் எந்த வேலியும் கொஞ்சம்தான் உதவும்; பனியில் நசிந்து கிடக்கும் செடித்தண்டுகள் தங்கள் பாஸ்பரஸையே சற்றுக் கசியவிடுவதும் உண்டு. கரைவேலி சர்வரோக நிவாரணி அல்ல.

அது செய்கிற வேறு வேலைகள் கணக்கில் வராதவை. படகு கிளப்பும் அலை கோரையில் மோதினால் களைத்துப்போகும். சிமென்ட் சுவரில் மோதினால் திருப்பி அடித்து, சுவரின் காலடி மண்ணையே தோண்டும். தண்ணீரில் நிற்கும் கோரையையும் நாணலையும் அனுமதிச் சீட்டு இல்லாமல் பிடுங்கக்கூடாது என்று மினசோட்டா விதி வைத்திருப்பது இதற்காகவும்தான். கனடா வாத்து விஷயம் இன்னும் சுவையானது. நரி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியாத உயரப் புல்லை அது வெறுக்கும். தண்ணீரிலிருந்து நேரே ஏறி மேயக்கூடிய ஒட்ட வெட்டிய புல்வெளிதான் அதற்குச் சொர்க்கம். வாத்து எச்சத்தை வாரி முடியவில்லை என்று சலித்துக்கொள்ளும் வீட்டுக்காரர், வாத்துக்குப் பந்தி விரித்தது தான்தான் என்பதை அறியமாட்டார்.

ஏரியைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தானே அங்கே வீடு வாங்கினார்கள் என்று கேட்கலாம். நியாயம். முழுக் கரையையும் காடாக்கத் தேவையில்லை. படகுத் துறைக்கு ஒரு வளைந்த பாதை, உட்காரும் இடத்துக்கு நேரே ஒரு திறப்பு, போதும். பாதை வளைந்திருப்பது அழகுக்காக அல்ல. நேராக இருந்தால் அதுவே வாய்க்கால்.

சருகும் நாயும்

உரம் போனபின் யார் மிஞ்சினார்கள் என்று தேடியபோது இரண்டு அப்பாவிகள் அகப்பட்டார்கள்.

முதலாவது, சருகு. விஸ்கான்சினின் மேடிசன் நகரத்தில் அமெரிக்கப் புவியியல் அளவைத் துறையினர் இலையுதிர் காலத்துத் தெருக்களை ஒப்பிட்டார்கள். மழைக்கு முன் சருகைக் கூட்டி அள்ளிய தெருவிலிருந்து போன மழைநீரில், அள்ளாத நிலையைவிட 84 சதவீதம் குறைவான பாஸ்பரஸ். டீத்தூளைப்போல்தான் சருகும், தண்ணீரில் நனைந்த சில மணி நேரத்திலேயே சாரத்தை விட்டுவிடுகிறது. காட்டில் அந்தச் சாரம் மண்ணில் இறங்கும். தார்ச்சாலையில் நேரே வடிகாலுக்குப் போகும். ஆகவே சருகைக் காற்றூதியால் தண்ணீருக்குள் தள்ளிவிடுவதுதான் ஏரிக்கரைவாசி செய்யக்கூடிய மிக மோசமான காரியம். வெட்டிய புல்லும் அப்படியே. அதைப் புல்வெளியிலேயே விட்டுவிட்டால் அதுவே உரம். எந்திரத்தின் கத்தியை உயர்த்திப் புல்லை 7, 8 சென்டிமீட்டருக்கு விட்டால் வேரும் ஆழப் போகும்.

இரண்டாவது, நாய். செயின்ட் பால் நகரக் குடியிருப்புகளில் வீட்டுக்கு வீடு வரவு செலவு எழுதிப் பார்த்த ஓர் ஆய்வு 2017ல் வந்தது. உரத்தில் பாஸ்பரஸ் தடைப்பட்டுவிட்ட அந்த ஊரில், சில பகுதிகளுக்குள் வந்துசேரும் பாஸ்பரஸில் 76 சதவீதம்வரை வளர்ப்புப் பிராணிகளின் கழிவு. கடையில் வாங்கும் நாய்த்தீனிப் பொட்டலம்தான் இப்போது மறைமுக உரப் பை. ஹென்னிக் பிராண்ட் கேட்டால் வியந்திருக்க மாட்டார்.

பாதாளச் சாக்கடை எட்டாத தொலைதூர ஏரிகளில் மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு: கழிவுநீர்த் தொட்டி. மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது அதைத் திறந்து பார்த்துத் தேவையானால் காலி செய்ய வேண்டும் என்பது மினசோட்டா விதி. இதைப்பற்றி விருந்தில் யாரும் பேசுவதில்லை, அதனால் மறந்தும் போகிறார்கள்.

அடிமண் கடன்

எல்லாம் சரியாகச் செய்து, ஐந்து வருடம் கழித்தும் ஏரி பச்சையாகவே இருக்கிறது. கரைவேலி போட்டவர்கள் மனம் உடைவது இந்த இடத்தில்தான்.

பல பத்தாண்டுகளாக வந்து விழுந்த பாஸ்பரஸில் பெரும்பகுதி ஏரியின் அடிமண்ணில் இருக்கிறது, இரும்போடு சேர்ந்து கட்டுண்டு. ஆக்சிஜன் இருக்கும்வரை அந்தக் கட்டு அவிழாது. கோடையில் மேல்நீர் சூடாகி, அடிநீர் குளிர்ந்து, இரண்டும் கலக்காமல் நிற்கும். செத்து விழும் பாசியை நுண்ணுயிர்கள் தின்று முடிக்கும்போது அடியில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். உடனே இரும்பு பிடியை விடும்; பழைய பாஸ்பரஸ் மறுபடி நீருக்குள் வரும். பாட்டன் வாங்கிய கடனுக்குப் பேரன் வட்டி கட்டுவதுபோல, 1970களில் போட்ட உரம் இந்த ஆகஸ்டில் பாசியாக மிதக்கும். அதிலும் நீலப்பச்சைப் பாசிக்கு உடம்புக்குள்ளேயே காற்றறைகள் உண்டு. மேலே மிதந்து வெயிலைத் தனக்கே எடுத்துக்கொள்ளும். அதில் சில வகைகள் நஞ்சு சுரக்கும். கரையில் அந்தத் தண்ணீரைக் குடித்த நாய்கள் செத்திருக்கின்றன.

அடிமண்ணைப் படிகாரம் தூவிக் கட்டுவது போன்ற வைத்தியங்கள் இருக்கின்றன. படிகாரத்தில் உள்ள அலுமினியம், இரும்பைப்போல் ஆக்சிஜனை எதிர்பார்த்து நிற்பதில்லை. ஆனால் மேலிருந்து கடன் ஏறிக்கொண்டே இருக்கும்போது அடியில் கட்டுப் போடுவது காசுக்குக் கேடு. முதலில் கரை, பிறகுதான் அடிமண்.

அந்த மரம்

இதையெல்லாம் நண்பரிடம் சொல்லி முடித்தபோது அவர் ஓரளவுக்கு இறங்கி வந்திருந்தார். கோரையை ஒப்புக்கொண்டார். சருகைக்கூட ஒப்புக்கொண்டார். “தண்ணிக்குள்ள விழுந்த மரத்தையாவது எடுத்திருக்கலாமே?” என்றார்.

விஸ்கான்சினில் லிட்டில் ராக் என்று ஓர் ஏரி இருக்கிறது. அதுவும் உடுக்கை வடிவம். அதையும் ஒருகாலத்தில் திரை போட்டு இரண்டாக்கியிருந்தார்கள். 2002ல் ஆய்வாளர்கள் அதன் ஒரு பாதியில் மட்டும், கரையோரம் தண்ணீரில் கிடந்த மரங்களில் பெரும்பாலானவற்றை இழுத்து வெளியே போட்டார்கள். மறுபாதியைத் தொடவில்லை. மரம் எடுத்த பக்கத்தில் மஞ்சள் பெர்ச் என்ற சிறு மீன், ஒளிய இடமின்றி, முட்டையிடப் பிடிப்பின்றி, சில ஆண்டுகளில் ஏறக்குறைய இல்லாமலே போனது. அதைத் தின்று வாழ்ந்த பெரிய மீன்களின் வளர்ச்சியும் மந்தமாகிவிட்டது.

நண்பர் படத்தை விரல்களால் பெரிதாக்கினார். கோரையைத் தாண்டி, சாய்ந்த மரத்தின் நுனி தண்ணீரைத் தொடும் இடத்தில் மூன்று ஆமைகள் வரிசையாக வெயில் காய்ந்துகொண்டிருந்தன. ஆறு மாதம் அந்தக் கரையில் நடந்திருக்கிறார். அதுவரை அவர் அவற்றைப் பார்க்கவில்லை.